பக்கவாதத்துக்குப் பிறகு மனமும் அறிவும்: வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

என் தந்தைக்குப் பக்கவாதம் வந்து ஆறாவது வாரம் அது. தட்டில் வைத்ததில் வலப்பாதியை மட்டும் சுத்தமாகச் சாப்பிட்டுவிட்டு, "இவ்வளவுதானா, இன்னும் பசிக்கிறதே" என்றார். இடப்பாதியில் வைத்தது வைத்தபடியே இருந்தது. பிடிக்காததை ஒதுக்குகிறார் என்று நினைத்து நான் கடிந்துகொண்டேன். அப்போது வீட்டுக்கு வந்திருந்த செயல்வழிச் சிகிச்சையாளர், ஒன்றும் சொல்லாமல் தட்டை அரைவட்டமாகத் திருப்பி வைத்தார். இடப்புறம் இருந்தது வலப்புறம் வந்ததும் தந்தை மீதியையும் சாப்பிட்டு முடித்தார். அவர் கண்களில் எந்தக் கோளாறும் இல்லை. வலப்பக்க மூளையில் ஏற்பட்ட சேதம், இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதையே அவருடைய கவனத்திலிருந்து அகற்றியிருந்தது.

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியபோது எங்களிடம் தந்த தாளில் கைகால் பயிற்சிகள் படத்துடன் இருந்தன, மாத்திரை நேரங்கள் இருந்தன, ஆனால் மனம், நினைவு, கவனம் ஆகியவற்றைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அந்த ஒரு வரி இருந்திருந்தால் முதல் இரண்டு மாதங்களில் நாங்கள் அவரிடம் பேசிய பல சொற்களைப் பேசியிருக்க மாட்டோம். பிடிவாதம், சோம்பல், அலட்சியம், நன்றியின்மை என்று வீட்டார் பெயர் வைக்கும் பலவும் மூளைக் காயத்தின் அறிகுறிகளாக இருக்கக்கூடும்; ஆகவே பக்கவாதத்துக்குப் பிறகு ஒருவரிடம் புதிதாகத் தோன்றும் எந்த நடத்தையையும், அது அவருடைய குணம் என்று முடிவுகட்டும் முன், இது எந்தக் குறையின் வெளிப்பாடு என்று கேட்டுப் பழக வேண்டும். கீழே எழுதியிருப்பவை அந்தக் கேள்வியிலிருந்து வருபவையே. இவை மருத்துவரின் ஆலோசனைக்கு மாற்று அல்ல. மருத்துவரிடம் எதைச் சொல்ல வேண்டும், வீட்டில் எதை மாற்ற வேண்டும் என்பதற்கான உதவி.

முதலில் ஸ்கேன் அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள்

பக்கவாதங்களில் பெரும்பான்மை, ஏறத்தாழ 85 விழுக்காடு, இரத்தக் குழாய் அடைபடுவதால் வருபவை. மற்றவை இரத்தக் கசிவால் வருபவை. ஆனால் மனத்தையும் அறிவையும் பொறுத்தவரை, எப்படி வந்தது என்பதைப் போலவே மூளையின் எந்த இடத்தில் வந்தது என்பதும் முக்கியமானது. பெரும்பாலானவர்களுக்கு மொழி இடப்பக்க மூளையைச் சார்ந்தது. இடத்தை உணர்வதும் கவனத்தைப் பரப்புவதும் வலப்பக்கத்தைப் பெரிதும் சார்ந்தவை. திட்டமிடுவதும் தானாக முனைந்து செய்வதும் முன்பகுதியையும் அதனோடு இணைந்த ஆழ்பகுதிகளையும் சார்ந்தவை. தாலமஸ் போன்ற ஆழ்பகுதியில் ஏற்படும் மிகச் சிறிய சேதம்கூட நினைவாற்றலைக் குலைத்துவிடும். "சின்ன அட்டாக்தான், கைகால் எல்லாம் நன்றாக இருக்கிறது" என்று ஆறுதல் சொல்பவர்கள் கவனிக்கத் தவறுவது இதைத்தான். சேதம் எந்தப் பக்கம், எந்தப் பகுதி, அதனால் என்னென்ன எதிர்பார்க்கலாம் என்று மருத்துவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மருத்துவமனையில் இருக்கும் நாட்களிலேயே சிலர், குறிப்பாக முதியவர்கள், இரவானால் இடம் தெரியாமல் பேசுவதும் இல்லாதவர்களைக் காண்பதும் மருந்துக் குழாயைப் பிடுங்குவதும், பொழுது விடிந்தால் தெளிவதுமாக இருப்பார்கள். டெலிரியம் என்று மருத்துவர்கள் சொல்லும் இந்தத் திடீர்க் குழப்பநிலை ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு வருகிறது. சிறுநீர்த் தொற்று, நுரையீரல் தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, மலச்சிக்கல், வலி, தூக்கமின்மை, சில மாத்திரைகள் என ஏதேனும் ஒரு காரணம் பெரும்பாலும் இதன் பின்னால் இருக்கும். அதைச் சரிசெய்தால் குழப்பமும் தணியும். "நேற்று மாலை வரை தெளிவாகப் பேசினார், இரவு ஒன்பது மணியிலிருந்து இப்படி இருக்கிறார்" என்று நேரத்தோடு சொல்லுங்கள். மூக்குக்கண்ணாடியையும் காதுக்கருவியையும் போட்டுவிடுங்கள், பகல் வெளிச்சம் அவர்மேல் படட்டும், தெரிந்த குரல் ஒன்று அருகில் இருக்கட்டும். பேசாமல் மந்தமாகக் கிடப்பதும் இதே நிலையின் இன்னொரு வடிவம். தொல்லை தராததால் அது எளிதில் கவனிக்கப்படாமல் போகிறது. வீட்டுக்கு வந்த பிறகு திடீரெனக் குழப்பமோ, முகக் கோணலோ, பேச்சுக் குழறலோ, கைகால் தளர்ச்சியோ தோன்றினால் காத்திருக்க வேண்டாம், அது மீண்டும் ஒரு பக்கவாதமாக இருக்கலாம்; உடனே அவசர சிகிச்சைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

ஒரு நோட்டுப் புத்தகமும் சில சோதனைகளும்

"மறதி அதிகமாகிவிட்டது", "முன்போல் இல்லை" என்று சொன்னால் மருத்துவரால் அதிகம் செய்ய இயலாது. நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். "காலை 7.30: முகம் மழித்துக்கொண்டார், வலக்கன்னம் மட்டும். கண்ணாடியில் பார்த்துவிட்டு முடிந்தது என்றார்." "முற்பகல் 11: பயிற்சிக்குப் பின் பத்து நிமிடம் யார் கேட்டதற்கும் பதில் இல்லை, அரைமணி நேரம் படுத்து எழுந்ததும் தெளிவாகப் பேசினார்." எங்கள் நோட்டில் இருந்த இந்த இரண்டு குறிப்புகளில் முதலாவது ஒரு பக்கம் முழுவதும் கவனத்தில் படாத ஒருபக்கப் புறக்கணிப்பைக் காட்டியது, இரண்டாவது களைப்பைக் காட்டியது. இரண்டுக்கும் செய்ய வேண்டியவை வேறு வேறு.

அறிவாற்றலைச் சோதிக்க மருத்துவர்கள் பரவலாகப் பயன்படுத்துவது மோக்கா என்ற குறுஞ்சோதனை. மொத்தம் 30 மதிப்பெண். 26-ம் அதற்கு மேலும் பொதுவாக இயல்பு என்று கொள்வார்கள். பன்னிரண்டு ஆண்டுகள் அல்லது அதற்குக் குறைவாகப் படித்தவர்களுக்கு ஒரு மதிப்பெண் கூட்டுவார்கள். இதில் ஓர் இடர் உண்டு. பேச்சு பாதிக்கப்பட்டவர் கேள்வி புரியாமலோ சொல் வராமலோ மதிப்பெண்ணை இழப்பார். இடப்பக்கத்தைக் கவனிக்காதவர் கடிகாரத்தை வரையச் சொன்னால் பன்னிரண்டு எண்களையும் வலப்பாதிக்குள் திணித்துவிட்டு மதிப்பெண்ணை இழப்பார். இரண்டிலும் குறைந்த எண் நினைவிழப்பைக் காட்டாது. இந்தச் சிக்கலைக் கருத்தில் கொண்டு, பக்கவாத நோயாளிகளுக்கென்றே அமைக்கப்பட்ட ஆக்ஸ்ஃபோர்டு அறிவாற்றல் சோதனை 2015-இல் வெளிவந்தது. எந்தச் சோதனையானாலும் அவருக்கு நன்கு பழகிய மொழியில், கண்ணாடி அணிந்து, ஓய்வெடுத்த பிறகு, குழப்பநிலை தெளிந்த பின் நடத்தச் சொல்லிக் கேளுங்கள். வேலைக்குத் திரும்புவது, வண்டி ஓட்டுவது, கையெழுத்திடுவது போன்ற முடிவுகள் இருந்தால் குறுஞ்சோதனை போதாது. நரம்பியல் உளவியலாளரிடம் விரிவான மதிப்பீடு வேண்டும்.

வீட்டில் நீங்களே தேர்வு நடத்தாதீர்கள். நலம் விசாரிக்க வருபவர்கள் ஒவ்வொருவரும் "நான் யார், சொல்லுங்கள் பார்ப்போம்" என்று கேட்பது அன்பினால்தான். ஆனால் நாளுக்கு ஐந்து முறை தோற்கடிக்கப்படும் மனிதர் ஆறாவது ஆள் வரும்போது சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வார். வாசலிலேயே அவர்களிடம் சொல்லிவிடுங்கள்: உள்ளே போனதும் தம் பெயரைத் தாமே சொல்லிப் பேச்சைத் தொடங்கட்டும்.

மனச்சோர்வு, முனைப்பின்மை, அடக்க முடியாத அழுகை

இவை மூன்றும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலத் தெரியும். பிரித்தறியாமல் எல்லாவற்றுக்கும் "தைரியமாக இருங்கள்" என்று சொல்வதால் எதுவும் மாறாது.

மனச்சோர்வு, பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு ஏதோ ஒரு கட்டத்தில் வருகிறது. இழப்பின் துயரம் அதில் ஒரு பங்கு. மூளையின் இணைப்புகள் சேதமடைந்தது இன்னொரு பங்கு. இரண்டு வாரங்களுக்கு மேலாகப் பெரும்பாலான நேரம் வாட்டம், முன்பு விரும்பியதில் நாட்டமின்மை, தூக்கமும் பசியும் மாறுதல், "எல்லாருக்கும் பாரமாகிவிட்டேன்" என்ற பேச்சு, காரணம் சொல்லாமல் பயிற்சியை மறுத்தல் ஆகியவை இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். பேச இயலாதவர் தம் சோர்வைச் சொல்ல மாட்டார். அவர் அழுவது, உணவை மறுப்பது, கண்ணைத் தவிர்ப்பது, இரவில் விழித்திருப்பது ஆகியவற்றைக் கவனித்து வீட்டார் நிரப்பும் வினாத்தாள்கள் உண்டு, கேட்டு வாங்குங்கள். சாக வேண்டும் என்ற பேச்சு வந்தால் பேச்சை மாற்றாமல், அப்படி எண்ணம் வருகிறதா, வழி ஏதும் யோசித்தீர்களா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆம் என்றால் தனியே விடாமல் அன்றைக்கே மருத்துவ உதவி பெறுங்கள்.

சிகிச்சை இருக்கிறது, பயன் தருகிறது. உளவியல் ஆலோசனை, மனச்சோர்வுக்கான மாத்திரை, அல்லது இரண்டும். மாத்திரை வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும் என்பதால் பத்து நாளில் பலனில்லை என்று விட்டுவிடக் கூடாது. நன்றாகிவிட்டார் என்று திடீரென நிறுத்தவும் கூடாது. இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரைகளோடு சேரும்போது கசிவு ஆபத்து கூடலாம், சிலருக்கு இரத்தத்தில் சோடியம் குறையலாம். எனவே எல்லா மருந்துகளின் பட்டியலையும் மருத்துவரிடம் காட்டுங்கள். ஃப்ளூக்ஸடீன் என்ற மனச்சோர்வு மாத்திரையைக் கொடுத்தால் கைகால் வேகமாக மீளும் என்று 2011-இல் வெளிவந்த ஒரு சிறிய ஆய்வு நம்பிக்கை எழுப்பியது. 3,000-க்கு மேற்பட்டவர்களை வைத்துப் பிரிட்டனில் நடத்தி 2018-இல் வெளியான ஆய்வு அதை உறுதிப்படுத்தவில்லை: அன்றாடச் செயல்திறன் கூடவில்லை, மனச்சோர்வு வருவது குறைந்தது, எலும்பு முறிவு கூடியது. ஆகவே சோர்வு இருப்பவருக்கு இது மருந்து, எல்லாருக்கும் தரும் டானிக் அல்ல.

மருந்தோடு கூட, நாளில் ஒரு வேலையாவது அவருடையதாக இருக்க வேண்டும். என் தந்தைக்கு அது தொட்டிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவது. நாற்காலியில் உட்கார்ந்தபடி வலக்கையால் சிறு குவளையில் ஊற்றுவார். தொட்டிகளைச் சிகிச்சையாளர் அவருக்கு இடப்புறமாக நீளும் வரிசையில் வைக்கச் சொன்னார்; ஒவ்வொரு தொட்டியையும் தேட அவர் தலையை மேலும் இடப்புறம் திருப்ப வேண்டியிருந்தது. எண்ணி ஏழு தொட்டிகள். ஐந்தோடு முடித்துவிட்டால், "ஏழு இருக்கிறது" என்று மட்டும் சொல்வோம், எங்கே என்று சொல்ல மாட்டோம்.

முனைப்பின்மை வேறு. இதில் வருத்தம் இருக்காது. கேட்டால் "நன்றாகத்தான் இருக்கிறேன்" என்பார், ஆனால் எழுந்திருக்கவோ தொடங்கவோ மாட்டார். வேண்டும் என்றே செய்யாதவர்போல் தோன்றுவார். உண்மையில் தொடங்கிவைக்கும் விசை மூளையில் பழுதடைந்திருக்கிறது. "குளிக்கலாமா?" என்று கேட்டால் "வேண்டாம்" என்ற பதில் தயாராக இருக்கும். அதற்குப் பதிலாகத் துண்டைக் கையில் கொடுத்து "வாருங்கள், தண்ணீர் தயார்" என்று முதல் அடியை நீங்கள் எடுத்துவையுங்கள். தொடங்கிவிட்டால் பெரும்பாலும் தொடர்வார். நாள்தோறும் அதே நேரம், அதே வரிசை இருப்பது இவருக்குப் பெரிய துணை.

மூன்றாவதாக, அற்பக் காரணத்துக்கோ காரணமே இல்லாமலோ பொங்கி வரும் அழுகை, சிலருக்குச் சிரிப்பு. முதல் மாதங்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு இது இருக்கும். தம் தம்பியின் பெயரைச் சொன்னாலே என் தந்தை தேம்பி அழுவார். அரை நிமிடத்தில் அது நின்றுவிடும், பிறகு வெட்கத்தால் தலைகுனிந்திருப்பார். உள்ளே அந்த அளவு துயரம் இல்லை, அதைக் கட்டுப்படுத்தும் தடுப்புதான் தளர்ந்திருக்கிறது. சூழ்ந்து நின்று தேற்றினால் அழுகை நீளும். அமைதியாக ஓரிரு மூச்சு காத்திருந்து, பார்வையை வேறு ஒன்றில் திருப்பிப் பேச்சைத் தொடருங்கள். இது பக்கவாதத்தால் வருவது, உங்கள் பலவீனம் அல்ல என்று அவரிடமும், அவர் சம்மதத்தோடு வருபவர்களிடமும் சொல்லுங்கள். அடிக்கடி வந்து அவரை வெளியே வரவிடாமல் செய்தால் மாத்திரை உண்டு, நன்றாகக் கேட்கும்.

பதற்றத்தைப் பற்றிச் சுருக்கமாக: மறுபடியும் வந்துவிடுமோ, விழுந்துவிடுவோமோ என்ற அச்சம் பலருக்கு உண்டு. ஒரு நாளைக்குப் பத்து முறை இரத்த அழுத்தம் பார்ப்பது அச்சத்தை வளர்க்கும். மருத்துவர் சொன்ன நேரத்தில் மட்டும் பார்த்து எழுதுங்கள். அவசர எண்ணைச் சுவரில் ஒட்டி, என்ன நடந்தால் யார் என்ன செய்வது என்று ஒருமுறை பேசி முடித்துவிடுங்கள். பிறகு அஞ்சும் செயலைச் சிறு படிகளாக்கி, வாசல் வரை, தெருமுனை வரை என்று துணையோடு பழக்குங்கள்.

களைப்புக்கு ஏற்ப நாளை அமையுங்கள்

ஏறத்தாழ பாதிப் பேருக்கு வரும் இந்தக் களைப்பு உறங்கினால் போகும் அயர்வு அல்ல. இலேசான பக்கவாதம் வந்தவருக்கும் கடுமையாக இருக்கலாம். யோசிப்பதும் பேசுவதும்கூட உடலுழைப்பைப் போல் சோர்வூட்டும். கடினமான பயிற்சியைக் காலையில் வையுங்கள். ஒவ்வொரு பயிற்சிக்கும் இடையே ஓய்வு, அதுவும் சோர்ந்து விழும் முன்பே. நல்ல நாளில் எல்லாவற்றையும் செய்துவிட்டு அடுத்த இரண்டு நாள் படுத்துக்கொள்ளும் வழக்கம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். குறட்டையும் இடையிடையே மூச்சு நிற்பதும் இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். உறக்கத்தில் மூச்சுத் தடைபடுவது பக்கவாத நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோரிடம் காணப்படுகிறது, களைப்பையும் மறதியையும் அது பெருக்குகிறது. தூக்க மாத்திரை, ஒவ்வாமை மாத்திரை, சிறுநீர் அடக்கத்துக்கான சில மாத்திரைகள் ஆகியவையும் அறிவை மந்தமாக்கக்கூடும்.

ஓய்வு நேரத்துக்கு ஒரு யோசனை. ஃபின்லாந்தில் நடந்து 2008-இல் வெளியான ஆய்வில், பக்கவாதம் வந்த முதல் இரண்டு மாதங்களில் தமக்குப் பிடித்த இசையை நாள்தோறும் ஒரு மணி நேரமாவது கேட்டவர்களுக்குச் சொல் நினைவும் கவனமும் மற்றவர்களைவிட நன்றாக மீண்டன, மனவாட்டமும் குறைவாக இருந்தது. சிறிய ஆய்வுதான்; ஆனால் கேடு எதுவும் இல்லாத, செலவில்லாத வழி. வீட்டில் உள்ளவர்களுக்குப் பிடித்ததை அல்ல, அவருக்குப் பிடித்ததைப் போடுங்கள்.

கவனமும் காணாமல் போன இடப்பக்கமும்

அறிவாற்றல் குறைகளில் மிகப் பொதுவானது வேகக் குறைவு. கேட்டது மூளைக்குள் போய்ச் சேர்ந்து பதில் திரும்பி வரக் கூடுதல் நேரம் ஆகிறது. ஒருவர் மட்டும் பேசுங்கள், ஒன்றை மட்டும் கேளுங்கள், தொலைக்காட்சியை நிறுத்திவிடுங்கள், கேட்டுவிட்டு மனத்துக்குள் பத்து எண்ணும் வரை காத்திருங்கள். ஐந்தில் பொறுமையிழந்து நாம் கேள்வியை மாற்றிக் கேட்டால் அவர் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். எனக்குக் கைவர நெடுநாள் எடுத்தது இந்தக் காத்திருப்புதான்.

ஒருபக்கப் புறக்கணிப்பு பெரும்பாலும் வலப்பக்க மூளைச் சேதத்தால் இடப்பக்கத்துக்கு வருகிறது. கண்ணால் காண்பதோடு இது நிற்பதில்லை. இத்தாலியில் பிசியாக், லுஸ்ஸாட்டி என்ற இருவர் 1978-இல் வெளியிட்ட ஆய்வில், மிலான் நகரத்துப் பேராலயச் சதுக்கத்தை மனக்கண்ணில் பார்த்துச் சொல்லும்படி இத்தகைய நோயாளிகளைக் கேட்டார்கள். பேராலயத்தை நோக்கி நிற்பதாக எண்ணச் சொன்னபோது வலப்புறக் கட்டடங்களை மட்டும் சொன்னார்கள். பேராலயத்தின் படியிலிருந்து எதிர்ப்புறம் நோக்குவதாக எண்ணச் சொன்னபோது, முன்பு விட்டுவிட்ட கட்டடங்களைச் சொல்லி, சொன்னவற்றை விட்டார்கள். நினைவில் முழுச் சதுக்கமும் இருக்கிறது. கவனம்தான் ஒரு பக்கம் போவதில்லை. "நன்றாகப் பாருங்கள்" என்ற அதட்டல் ஏன் பயன்படாது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று எனக்குத் தெரியாது.

பயிற்சியின் அடிப்படை, இடப்பக்கம் நோக்கித் திரும்புவதைப் பழக்கமாக்குவது. படிக்கும் பக்கத்தின் இட ஓரத்தில் தடித்த சிவப்புக் கோடு ஒன்று போட்டு, ஒவ்வொரு வரிக்கும் முன்னால் அந்தக் கோட்டைக் கண்டுபிடித்த பிறகே படிக்கச் சொல்லுங்கள். தட்டின் இட விளிம்பிலும் நிறமான நாடா ஒட்டலாம். பேசும்போது முதலில் நேர் எதிரே அமர்ந்து, அவர் பார்வை பற்றிக்கொண்டதும் மெல்ல இடப்புறம் நகருங்கள். ஆனால் அழைப்பு மணி, தண்ணீர், கைபேசி ஆகியவை வலப்புறமே இருக்கட்டும். பாதுகாப்பைப் பயிற்சிக்காக விலைபேசக் கூடாது. காட்சியைச் சற்று நகர்த்திக் காட்டும் முப்பட்டகக் கண்ணாடி அணிந்து பொருட்களைச் சுட்டும் பயிற்சி 1998-இலிருந்து வழக்கில் உள்ளது. சிலருக்கு நல்ல பலன், எல்லாருக்கும் அல்ல. சக்கர நாற்காலியின் இடப்பக்க பிரேக்கைப் போட மறப்பார், இடக்கை சக்கரத்தில் சிக்கியதை அறியாதிருப்பார், சாலையில் இடப்புறமிருந்து வரும் வண்டி அவருக்கு இல்லவே இல்லை. தனியே வெளியே விட வேண்டாம்.

இதோடு சேர்ந்து வரும் ஒன்றைத் தாங்கிக்கொள்வது வீட்டாருக்கு மிகக் கடினம்: தம் கை விழுந்துவிட்டது என்பதையே அவர் ஒப்புக்கொள்ள மாட்டார். பாபின்ஸ்கி என்ற பிரெஞ்சு நரம்பியல் மருத்துவர் 1914-இல் இதற்கு அனோசக்னோசியா என்று பெயரிட்டார். அவர் உண்மையை மறைக்கவில்லை, உணரும் பகுதி வேலை செய்யவில்லை. வாதிட்டு வெல்ல முடியாது. சட்டை போட எவ்வளவு நேரமாகும், உதவி வேண்டுமா என்று முன்கூட்டிச் சொல்லச் சொல்லுங்கள். செய்து முடித்த பின் நடந்ததோடு ஒப்பிடச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லும் குறையை மறுப்பவர் தாமே கண்டதைச் சிறிது சிறிதாக ஏற்பார். பலருக்குச் சில வாரங்களில் இது குறைகிறது. அப்படி உணரத் தொடங்கும் வேளையில் மனச்சோர்வு தலைகாட்டலாம், அப்போது அருகில் இருங்கள்.

நினைவும் திட்டமிடலும்

பக்கவாதத்துக்குப் பின் பழைய நினைவுகள் பெரும்பாலும் தங்கும். புதியதைப் பதிய வைப்பதும் வேண்டியபோது எடுப்பதும் தடுமாறும். மனப்பாடப் பயிற்சியும் கைபேசி விளையாட்டுகளும் அந்த விளையாட்டில் திறமையைக் கூட்டுகின்றன. மாத்திரையை மறக்காமலிருக்க அவை உதவும் என்று நம்பி நாளைச் செலவழிக்க வேண்டாம். பயன் தருவது வெளித்துணை. ஒரே நாட்குறிப்பு, ஒரே இடத்தில். கைபேசியில் வெறும் மணி ஒலித்தால் எதற்கு ஒலித்தது என்பதும் மறந்துபோகும், எனவே "இரத்த அழுத்த மாத்திரை, நீலப் பெட்டி" என்று எழுத்தும் வரும்படி அமையுங்கள். புதிய ஒன்றைக் கற்பிக்கும்போது ஊகிக்க விடாதீர்கள். நினைவு பழுதுபட்டவர் தவறாகச் சொன்ன விடையையே பதித்துக்கொள்வார் என்பதால், சரியான படியை முதலில் காட்டி, உடன் செய்து, பின் ஒவ்வொரு உதவியாக விலக்குங்கள். சொன்னதை ஒரு நிமிடம், மூன்று நிமிடம், பத்து நிமிடம் என்று இடைவெளி கூட்டிக் கேட்பதும் இதோடு நன்றாகப் பொருந்தும்.

திட்டமிட்டுச் செயலாற்றும் திறன் குறைந்தவர் பேச்சில் முழுத் தெளிவோடு இருப்பார். மருத்துவரின் அறையில் பதினைந்து நிமிடம் அழகாகப் பேசிவிட்டு வருபவர், வீட்டில் வாரத்துக்கான மாத்திரைப் பெட்டியை நிரப்ப உட்கார்ந்தால் காலை அறையில் மூன்று நாள் மாத்திரையைப் போட்டுவிட்டு, நடுவில் அட்டையை எண்ணத் தொடங்கி, தொடங்கியதை மறந்து எழுந்துபோவார். படிகளைத் தாளில் எழுதி, முடிந்ததை அடித்துவிட்டு அடுத்ததற்குச் செல்லச் சொல்லுங்கள். இடையில் "நில், இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறேன்?" என்று தம்மைத் தாமே உரக்கக் கேட்கப் பழக்குங்கள், சிகிச்சையாளர்கள் கற்பிக்கும் இலக்கு மேலாண்மைப் பயிற்சியின் சாரம் இதுவே. பெட்டியை நிறைத்து முடித்ததும் நீங்கள் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். பணம், அடுப்பு, வண்டி மூன்றும் இவரிடம் எச்சரிக்கைக்குரியவை. வண்டி ஓட்டுவதை மருத்துவர் மதிப்பிட்டு அனுமதிக்கும் வரை நிறுத்துங்கள். பெரிய தொகைக்கு இருவர் பார்த்த பின்பே கையெழுத்து என்று அவரோடு பேசி ஏற்பாடு செய்யுங்கள். அவர் முதுகுக்குப் பின்னால் செய்தால் நம்பிக்கை உடையும்.

சொல் வராதவரோடு பேசுவது

பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு முதல் நாட்களில் அபேசியா என்னும் மொழிக் குறைபாடு இருக்கிறது. ப்ரோக்கா என்ற பிரெஞ்சு மருத்துவர் 1861-இல் விவரித்த நோயாளி "டான்" என்ற ஓரசையை மட்டுமே சொல்வார், ஆனால் கேட்பதைப் பெரும்பாலும் புரிந்துகொண்டார். வேறு சிலர் சரளமாகப் பேசுவார்கள், சொற்கள் பொருந்தாமல் இருக்கும், பிறர் சொல்வதும் அவர்களுக்குப் புரியாது. இரண்டிலும் அறிவு அழிந்துவிடவில்லை. குழந்தையிடம் பேசுவதுபோல் பேசுவதும் அவரை வைத்துக்கொண்டே அவரைப் பற்றிப் பிறரிடம் பேசுவதும் காயப்படுத்தும். குறுகிய வாக்கியம், கைச்சாடை, படம், தாளும் பேனாவும் எல்லாம் மொழியே. "ஆம்", "இல்லை" மாறி வரலாம் என்பதால் "வலிக்கிறதா?" என்று கேட்டபின் "வலியில்லாமல் இருக்கிறதா?" என்றும் கேட்டு உறுதிசெய்யுங்கள். சொல் தேடும்போது உடனே எடுத்துக்கொடுக்காமல், உதவி வேண்டுமா என்று கேட்டபின் கொடுங்கள். தம் பெயரைச் சொல்ல முடியாதவர் தெரிந்த பாட்டின் வரியை முழுதாகப் பாடலாம், வசைச்சொல் ஒன்றைத் தெளிவாகச் சொல்லலாம். வசை கோபத்தைக் காட்டாது, பழக்கத்தில் ஊறிய பேச்சு வேறு வழியாக வருகிறது. பாட்டின் இந்தத் திறனை வைத்து 1970-களில் உருவான இசைவழிப் பேச்சுச் சிகிச்சையும் உண்டு. அவர் பல மொழி அறிந்தவரானால் எல்லா மொழிகளையும் பேச்சுச் சிகிச்சையாளரிடம் சொல்லுங்கள், அவை ஒரே அளவில் மீள்வதில்லை.

எவ்வளவு காலம், யாருக்கு எவ்வளவு

முதல் மூன்று மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும், பிறகு மெதுவாகும், ஆனால் நின்றுவிடாது. ஆண்டுகள் கழித்தும் புதிய சொல்லும் புதிய திறமையும் வருவதுண்டு. "ஆறு மாதத்தில் வந்ததுதான்" என்ற பேச்சை நம்பிப் பயிற்சியைக் கைவிடாதீர்கள். அதே வேளையில் ஒரு கணக்கை மனத்தில் வையுங்கள்: முதல் பக்கவாதத்துக்குப் பின் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு டிமென்ஷியா என்னும், அன்றாட வாழ்வையே பாதிக்கும் அளவுக்கான அறிவுக் குறைவு வருகிறது, மறுபடியும் பக்கவாதம் வந்தவர்களில் அது மூன்றில் ஒருவர். இரத்த அழுத்தம், சர்க்கரை, இதயத் துடிப்பின் ஒழுங்கு, புகைப்பதை நிறுத்துதல், நடை ஆகியவற்றைக் கவனிப்பது அறிவைக் காக்கும் சிகிச்சையும் ஆகும். ஒவ்வொரு மாதமும் தேறி வந்தவர் திடீரெனப் பின்தங்கினால் தொற்று, வலிப்பு, புதிய மாத்திரை, மனச்சோர்வு என்று காரணம் தேடச் சொல்லுங்கள்.

கவனிப்பவருக்கும் ஒரு வரி வேண்டும். பழைய மனிதரை இழந்த துக்கம் அவர் உயிரோடு இருக்கும்போதே வரும், அதைச் சொல்ல வெட்கமாக இருக்கும். என் தாய் ஒருநாள் சமையலறையில் நின்று, "இவர் நான் அறிந்த மனிதராகவே இல்லை" என்று சொல்லிவிட்டு, சொன்னதற்காகவே அழுதார். வாரத்தில் ஒரு பகல் முழுவதும் வேறொருவர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அன்றே முடிவு செய்தோம். யார், எந்தக் கிழமை என்று நோட்டிலும் எழுதினோம். பொதுவாக "உதவி வேண்டுமா" என்று கேட்கும் உறவினரிடம் "செவ்வாய்க்கிழமை காலை பத்து முதல் நான்கு வரை" என்று சொல்லுங்கள்.

ஆறாவது மாதச் சோதனைக்குப் போகும்போது அந்த நோட்டைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். மருத்துவரிடம் முதல் வாரத்துப் பக்கத்தையும் கடைசி வாரத்துப் பக்கத்தையும் அடுத்தடுத்துக் காட்டுங்கள், நோயாளி அருகில் இருந்து கேட்கட்டும். எங்கள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருந்தது இது: "காலை 7.40: முகம் மழித்துக்கொண்டார். வலக்கன்னம் முடித்துக் கத்தியைக் கீழே வைத்தார். பிறகு தாமாகவே எடுத்து இடக்கன்னத்தைத் தடவிப் பார்த்தார். காதருகில் கொஞ்சம் விட்டுப்போயிற்று."